புறப்படும் தேதியை இருவரும் சேர்ந்து குறியுங்கள்

சவூதி அரேபியாவில் குடும்பமாக வாழும் தமிழ்த் தம்பதியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

தம்மாம், அல்கோபார், ஜுபைல், ரியாத், ஜித்தா, யான்பு என்று எந்த ஊரில் குடியிருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். நானும் என் வீட்டுக்காரரும் ஊர் திரும்பும் ஏற்பாட்டில் இருக்கிறோம். அவருடைய ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம் என்று நாங்களே கம்பெனியில் சொல்லிவிட்டோம். இறுதி எக்ஸிட் விசா அடிப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருக்கின்றன. எங்களுக்கு முன்னால் போனவர்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறோம், நிம்மதியாகப் போனவர்களையும் பார்த்திருக்கிறோம். இரண்டுக்கும் இடையில் இருந்த வேறுபாடு எது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். இங்கே நாம் வந்தது பெரும்பாலும் ஒருவருடைய வேலைக்காக. திரும்பிப் போய் வாழப்போவது இருவரும். ஆகவே எப்போது போவது, எதை வைத்துக்கொண்டு போவது, போய் என்ன செய்வது ஆகிய மூன்றையும் கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அதற்கான காகிதமும் கணக்கும் இருவர் கையிலும் இருக்க வேண்டும்.

"இன்னும் ரெண்டு வருஷம்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. வீட்டுக்கடன் முடியட்டும், மாடி எழும்பட்டும், மூத்தவள் பிளஸ் டூ முடிக்கட்டும், தங்கச்சி கல்யாணம் நடக்கட்டும் என்று ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் குறிக்காமல் தள்ளிப்போடும் தேதியை வேறு யாரோ குறித்துவிடுகிறார்கள். உள்நாட்டு மக்களுக்கு வேலை தர வேண்டும் என்று 2011இல் நிதாகத் திட்டம் வந்தது. நம்மவர் பலருக்கு அது திரும்பும் தேதியைக் குறித்துக் கொடுத்தது. 2017 ஜூலையில் குடும்பக் கட்டணம் வந்தது. மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கி, ஆண்டுக்கு 100 ஏறி, 2020இல் 400 ரியாலில் நின்றது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,200, வருஷம் 14,400 ரியால். இகாமா என்ற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போதே இதை முன்கூட்டிக் கட்ட வேண்டும். 2018இல் 5 சதவீதமாக வந்த வாட் வரி 2020 ஜூலையில் 15 சதவீதம் ஆனது.

அந்த ஆண்டுகளில் பரீட்சை முடிந்த கையோடு குடும்பம் குடும்பமாக எக்ஸிட்டில் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். மனைவி பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் மறுபடி பேச்சலர் ரூமில் கட்டில் பிடித்த அண்ணன்களையும் பார்த்தோம். அவர்களில் பலருக்குக் கட்டணத்தை விட அதிகமாக வலித்தது வேறொன்று. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் யாரையும் கலந்து பேச அவகாசமே கிடைக்கவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே இருந்த இந்தியர்கள் பாலைவனம் கடந்து ஜோர்டானுக்குப் போய், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்களில் ஊர் சேர்ந்தார்கள். 1,70,000க்கும் மேற்பட்டோர் அப்படி வந்தார்கள். அத்தனை பேரும் எதிர்பாராமல் புறப்பட்டவர்கள். அப்படி ஒரு நாள் நமக்கு வரவே வேண்டாம். ஆனாலும் பாஸ்போர்ட், சான்றிதழ், பேங்க் விவரம் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் இருவருக்கும் தெரிந்திருக்க அந்த ஒரு வரலாறு போதும்.

இப்போது மனதுக்குக் கஷ்டமான ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு தங்கச்சி இருந்தாள். ஒரு ரமலான் இரவில் அவள் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். மறுநாள் கம்பெனியிலிருந்து வந்தவர் நல்ல மனிதர். தன்னால் ஆனதைச் செய்ய வந்தார். அரசின் அப்ஷர் செயலியில் அவர் கணக்கைத் திறக்க வேண்டும் என்றார். அதற்கான ஓடிபி இறந்தவரின் போனுக்குத்தான் வரும். போனின் பூட்டு எண் அவளுக்குத் தெரியாது. சம்பளம் எந்த பேங்கில் வருகிறது என்பது தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. ஊரில் டெபாசிட் எங்கே, நாமினி யார், மனை எந்தப் பெயரில், நண்பருக்குக் கொடுத்த கைமாற்று எவ்வளவு, எதுவும் தெரியாது. அவள் கணிதத்தில் எம்.எஸ்சி. படித்தவள். எங்கள் பிள்ளைகள் நான்கைந்து பேருக்கு அவள்தான் டியூஷன் எடுத்தாள். கணக்குப் போடத் தெரிந்தவளிடம் வீட்டுக் கணக்கை யாரும் காட்டியிருக்கவில்லை.

அவள் கணவர் கெட்டவர் இல்லை. "அவளுக்கு எதுக்கு இந்தத் தலைவலி" என்று அன்பினால்தான் எல்லாவற்றையும் தானே சுமந்தார். அண்ணன்மாரே, இந்த அன்பைத்தான் மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். உங்கள் மனைவியின் இகாமா உங்கள் இகாமாவோடு கட்டப்பட்டிருக்கிறது. உங்களுடையது காலாவதியானால் அவளுடையதும் போகும், பேங்க் கணக்கும் முடங்கும். சட்டம் அவளை உங்களைச் சார்ந்தவளாக வைத்திருக்கும்போது விவரத்திலும் அவள் உங்களையே சார்ந்திருக்கும்படி விடாதீர்கள். நர்ஸாகவோ டாக்டராகவோ மனைவி வேலை பார்த்து, அவர் பொறுப்பில் கணவர் இருக்கும் வீடுகளும் உண்டு. அக்காமாரே, அங்கே இந்தப் பொறுப்பு உங்களுடையது.

முதலில் சர்வீஸ் பணத்தைப் பாருங்கள். சவூதி தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். இடையில் நாமாக ராஜினாமா செய்தால் கதை வேறு. இரண்டு ஆண்டுக்குள் போனால் ஒன்றுமில்லை, ஐந்து வரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்துக்கு மேல் பத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு, பத்து நிறைந்தால் முழுத் தொகை. 6,000 ரியால் சம்பளக்காரர் ஒன்பது ஆண்டில் ராஜினாமா செய்தால் 39,000இல் மூன்றில் இரண்டு பங்காக 26,000 வரும். பத்து ஆண்டு நிறைந்த பிறகு செய்தால் 45,000 முழுதாக வரும். ஒரு கோபத்தில் கடிதம் கொடுப்பதற்கும் ஒரு வருஷம் பொறுப்பதற்கும் நடுவில் 19,000 ரியால் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்து நிற்பதும் இடையில் ராஜினாமா செய்வதும் ஒன்றல்ல என்பதால், கடிதம் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தின் கடைசித் தேதியை இருவரும் பாருங்கள். கம்பெனி நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள்ளும், நாம் நின்றால் இரண்டு வாரத்துக்குள்ளும் கணக்கு முடிக்க வேண்டும் என்பது சட்டம். எடுக்காத லீவுக்கும் பணம் உண்டு. இங்கே வேலை பார்க்கும் தங்கைகளுக்கு இன்னொன்று: கல்யாணமான ஆறு மாதத்துக்குள்ளோ பிரசவமான மூன்று மாதத்துக்குள்ளோ நீங்கள் வேலையை விட்டால் உங்களுக்கு முழுத் தொகையும் உரியது. இது தெரியாமல் விட்டுப்போனவர்கள் எத்தனையோ பேர்.

எக்ஸிட் அடித்துவிட்டால் கிளம்ப அதிகபட்சம் 60 நாள். அதைத் தாண்டினால் 1,000 ரியால் அபராதம், மறுபடி அலைச்சல். அதனால் எக்ஸிட்டைக் கடைசி வேலையாக வையுங்கள். அதற்கு முன்பே வண்டியைப் பெயர் மாற்றுங்கள், டிராஃபிக் அபராதத்தைக் கட்டுங்கள், கிரெடிட் கார்டை மூடி, பாக்கி இல்லை என்று பேங்கில் கடிதம் வாங்குங்கள், உங்கள் பெயரில் உள்ள சிம்களை ரத்து செய்யுங்கள். பக்காலாவில் பற்று இருந்தால் அதையும் தீர்த்துவிடுங்கள். அனுபவச் சான்றிதழை இரண்டு பேரும் வாங்குங்கள். நான்கு வருஷம் பள்ளியில் பாடம் எடுத்த அக்கா ஊரில் போய் வேலை கேட்கும்போது வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? இங்கே இருக்கும்வரை அந்தக் கையெழுத்து எளிது; போன பிறகு அது பெரிய வேலை.

ஊர்ப் பணத்திலும் சில காரியங்கள் தேதியோடு கட்டுண்டவை. நிரந்தரமாகத் திரும்பியதும் என்ஆர்இ கணக்கு அப்படியே தொடர முடியாது. பேங்கில் தெரிவித்து, உள்நாட்டுக் கணக்காகவோ, வெளிநாட்டுப் பணமாகவே வைத்திருக்கும் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்ற வேண்டும். எஃப்சிஎன்ஆர் டெபாசிட் முதிர்வு வரை அதே வட்டியில் தொடரலாம். நீண்ட காலம் வெளியே இருந்தவர்களுக்கு வருமான வரியில் ஓர் இடைநிலை உண்டு. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாடு வாழ்பவராக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் தங்கிய நாட்கள் மொத்தம் 729க்கு மிகாமல் இருந்திருந்தாலோ, திரும்பிய பிறகும் சிறிது காலம் வெளிநாட்டு வருமானத்துக்கு இந்தியாவில் வரி வராது. எந்த மாதத்தில் இறங்குகிறோம் என்பதே இதில் கணக்கை மாற்றும். டிக்கெட் போடும் முன் ஊரில் ஓர் ஆடிட்டரிடம் இருவரும் போனில் பேசுங்கள். பேசும்போது ஸ்பீக்கரில் போடுங்கள்.

அடுத்தது உடம்பு. இங்கே கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது. எக்ஸிட்டோடு அது முடிந்துவிடும். சர்க்கரையும் பிரஷரும் நம்மோடு விமானம் ஏறும். ஊரில் புதிதாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வரலாம். ஆகவே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இங்கே இருக்கும்போதே இருவர் பெயரிலும் எடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்பின் ஒரு பகுதி இங்கேயே கழிந்துவிடும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் தேதி குறிப்பது பெற்றோர் இருவர் காரியம் மட்டும் இல்லை. சிபிஎஸ்இ-யில் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் பதிவு நடக்கிறது. அதனால் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவிலோ பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவிலோ பிள்ளையைப் பிடுங்கி நடுவது கஷ்டம். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பள்ளிகளில் தமிழ் கட்டாயமாகியிருக்கிறது. இங்கே இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்த பிள்ளைக்கு இன்றே வீட்டில் தமிழ் எழுதப் பழக்குங்கள். வளைகுடாவில் வேலை பார்ப்பவரின் பிள்ளைகளுக்கு என்ஐடிகளிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் தனி இடங்கள் உண்டு. அதை நம்பியிருப்பவர்கள் அந்த ஆண்டின் விதிமுறையைப் படித்துவிட்டு, பெற்றோர் எதுவரை இங்கே வேலையில் இருக்க வேண்டும் என்று பார்த்த பிறகே ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள்.

அதோடு, பிள்ளைகளிடம் கேளுங்கள். நமக்கு இது பிழைக்க வந்த ஊர். அவர்களுக்கு இதுதான் பிறந்து வளர்ந்த ஊர். கார்னிஷில் சைக்கிள் பழகியவர்கள், வெள்ளிக்கிழமை இரவில் பூங்காவில் மலையாளப் பிள்ளைகளோடும் எகிப்துப் பிள்ளைகளோடும் விளையாடியவர்கள். எங்கள் மகளிடம் நாங்கள் சொன்னபோது அவள் அழவில்லை. "என் ரூம் செவத்துல நான் வரைஞ்சத அழிச்சிட்டுத்தான் வீட்டக் குடுக்கணுமா?" என்று கேட்டாள். வீட்டு உரிமையாளர் பெயின்ட் அடிக்கச் சொல்லுவார் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் அவளோடு உட்கார்ந்திருந்தோம். சுவரைப் போட்டோ எடுத்தோம், எந்தப் படத்தை எந்த வயதில் வரைந்தாள் என்று அவளே எழுதிவைத்தாள். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகுதான் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் கேட்கத் தொடங்கினாள்.

இனி, யாரும் அதிகம் பேசாத ஒன்று. இங்கே கணவனும் மனைவியும் தனியாக இருந்தோம். என்ன சமைப்பது, எங்கே போவது, எதற்குச் செலவு செய்வது என்று நாம் இருவரே முடிவு செய்தோம். ஊர் திரும்பும்போது மாமனார் மாமியார் இருப்பார்கள், கொழுந்தனார் குடும்பம் இருக்கும், பாதி கட்டிய வீட்டில் யாருக்கு எந்த அறை என்ற கேள்வி இருக்கும். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது நம் கடமை, நம் ஆசையும்கூட. ஆனால் அந்த வேலை முழுவதும் யார் தலையில் விழும் என்பதை இங்கேயே பேசிவிடுங்கள். 2018 ஜூனில் பெண்கள் வண்டி ஓட்ட அனுமதி வந்த பிறகு லைசென்ஸ் எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வரும் தங்கைகள் இருக்கிறார்கள். ஊரில் போய் "இங்கெல்லாம் நீ ஓட்ட வேண்டாம்" என்று யாராவது சொன்னால் யார் பதில் சொல்வது? அண்ணன்மாரே, அந்தப் பதிலை நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லுவீர்கள் என்று இப்போதே அவளுக்கு வாக்குக் கொடுங்கள்.

அக்காமாரே, தங்கைகளே, உங்களிடமும் கேட்கிறேன். முப்பது வருஷம் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய் இருட்டிய பிறகு வந்த மனிதர், நாளை முதல் வீட்டில் இருப்பார். இங்கே அவருக்கு ஒரு பதவி இருந்தது, கீழே நாலு பேர் இருந்தார்கள். ஊரில் ஈபி ஆபீஸிலும் தாலுகா ஆபீஸிலும் அவர் வரிசையில் நிற்பார். "சும்மாதானே இருக்கீங்க" என்று நாம் சொல்லும் ஒரு சொல் அவரை எவ்வளவு குத்தும் என்று நினைத்துப் பாருங்கள். சேமிப்பை எல்லாம் கடை வைக்கிறேன், ரியல் எஸ்டேட்டில் போடுகிறேன் என்று முதல் வருஷத்திலேயே இறக்கித் தொலைத்தவர்களில் பலர் அந்தச் சொல்லுக்குப் பயந்து இறக்கியவர்கள். முதல் ஒரு வருஷம் எந்தத் தொழிலிலும் பெரிய பணம் போடுவதில்லை என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருக்கிறோம். யார் வந்து கேட்டாலும் "ரெண்டு பேரும் கலந்து சொல்றோம்" என்பதுதான் எங்கள் பதில்.

இங்கே கிடைத்ததற்கு நன்றியோடு போவோம். குடும்பத்தை அழைத்துவர எல்லோராலும் முடியவில்லை. இகாமாவில் எழுதியிருக்கும் தொழிலைப் பொறுத்தே குடும்ப விசா கிடைக்கும் என்பதால், இருபது வருஷமாக மனைவியை வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டுமே பார்க்கும் தம்பிகள் நம் பக்கத்துக் கட்டடத்திலேயே இருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நமக்குக் கிடைத்தது பெரிய கொடை. போகும்போது வீட்டுச் சாமானைக் காசாக்குவதிலேயே குறியாக இருக்காமல், புதிதாக வந்த தம்பதிக்குக் கொஞ்சம், பேச்சலர் ரூம் தம்பிகளுக்குக் கொஞ்சம் என்று கொடுத்துவிட்டுப் போங்கள். கொடுக்கும்போது இந்த மடலில் உள்ள விவரங்களையும் அந்தப் புதுத் தம்பதிக்குச் சொல்லுங்கள். புறப்படும்போது கற்பதை விட, வந்த புதிதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும், போன்களை ஓரமாக வைத்துவிட்டு இருவரும் மேசைக்கு வாருங்கள். பாஸ்போர்ட்டுகள், இகாமாக்கள், ஒப்பந்தம், பேங்க் கணக்குகள், இன்சூரன்ஸ், மனைப் பத்திரம், கொடுத்த கடன், வாங்கிய கடன் அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதட்டும். நாமினி பெயர்களைச் சரிபாருங்கள். பூட்டு எண்களை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். பிறகு ஒரு தாளில் மாதமும் வருஷமும் போட்டுப் புறப்படும் தேதி ஒன்றை எழுதுங்கள். அது அடுத்த வருஷமாக இருக்கலாம், ஆறு வருஷம் கழித்தும் இருக்கலாம். நிலைமை மாறினால் தேதியும் மாறட்டும். ஆனால் மாற்றுவதையும் இருவரும் சேர்ந்தே செய்யுங்கள். கம்பெனி கொடுக்கும் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் தேதியை நீங்கள் இருவரும் குறியுங்கள், அந்தத் தேதியில் சேர்ந்து புறப்படுங்கள்.

அன்புடன்,
தம்மாமிலிருந்து,
உங்களில் ஒருத்தி